டிராம்போனுக்கு மதுரையில் ஒரு வாத்தியார் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வந்த 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்' இணைப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கப்பல் படிப்பு இருக்கிறது, செருப்பு வடிவமைப்பு இருக்கிறது, தேயிலை ருசி பார்க்கிற வேலைக்குக்கூட அரைப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள், நல்லது. இசைக்கு ஒரே ஒரு வரிதான், அதையும் ஆர்வம் உள்ளவர்கள் பகுதி நேரமாகக் கற்கலாம் என்று முடித்துவிட்டீர்கள். கோபத்தில் எழுதவில்லை. எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை அந்த இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தாத்தா, டிராம்போனுக்குக் காலேஜ் எதுவும் இதில போடலையே?" என்று கேட்டாள். டிராம்போன் பேண்டில் ஊதுகிற பித்தளை வாத்தியம், நான் வாசிக்கிறது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கீழவாசல் பக்கம் பிறந்து வளர்ந்தவன். அப்பா பேண்டு செட்டில் யூபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் வாசித்தார். எனக்கு 10 வயசில் சிம்பலைக் கையில் கொடுத்தார்கள், அப்புறம் சைடு டிரம், 14 வயசில் டிராம்போன்காரர் ஒருத்தர் காசுத் தகராறில் கோவித்துக்கொண்டு வேறு செட்டுக்குப் போய்விட, அந்த இடம் எனக்கு வந்தது. வாத்தியம் வந்ததே தவிர வாத்தியார் வரவில்லை. "பக்கத்தில நிக்கிறவன் கை எங்க போகுதுன்னு பாரு, உன் கையும் அங்க போகட்டும்" என்றார்கள், அதுதான் முதல் பாடம், அதுவேதான் கடைசிப் பாடமும். பிறகு சீருடை போட்ட ஒரு பேண்டில் சேர்ந்து 26 வருஷம் வாசித்து ஓய்வு பெற்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண ஊர்வலத்தில் முன்வரிசையில் ஒருத்தர் குழாயை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வாசிப்பாரே, அதுதான் டிராம்போன். முன்வரிசையில் நிறுத்துவது மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள், பின்னால் விட்டால் ஸ்லைடு என்கிற அந்த இழுக்கும் குழாய் முன்னால் போகிறவன் முதுகில் குத்தும். அமெரிக்காவில் பல்கலைக்கழக பேண்டுகள் மைதானத்தில் அணிவகுத்துப் போகும்போதும் பெரும்பாலும் டிராம்போனுக்கு முன்வரிசைதான், காரணமும் இதேதான். அவர்களுக்குக் கால்பந்து மைதானம், எங்களுக்கு விளக்குத்தூண் பக்கத்துச் சந்து.

குழாயை முழுக்க உள்ளே வைத்து ஊதினால் கிடைப்பது பி ஃபிளாட் என்கிற சுரம், நம் சுருதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. அங்கிருந்து வெளியே இழுக்க இழுக்க அரை அரை சுரமாக இறங்கும், மொத்தம் 7 இடங்கள். கிளாரினெட்டில் துளை இருக்கிறது, டிரம்பெட்டில் அமுக்குகிற பொத்தான் இருக்கிறது, இதில் ஒரு கோடுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். முதல் இடத்திலிருந்து இரண்டாவதற்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர், வெளியே போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போகும், ஏழாவது இடத்துக்குக் கை முழுசாக நீள வேண்டும். நாதஸ்வரத்தில் ஜாரு என்கிறோமே, பித்தளை வாத்தியங்களில் அந்த வழுக்கல் இயல்பாக வருவது இதில்தான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதல் இடத்தில் மேல் சட்ஜத்தை, அதாவது மேல் 'ச'வை வைத்துக்கொண்டு இழுத்தால், இரண்டு 'ம'வில் உயரமான பிரதி மத்தியமம் வரை ஒரே வழுக்கலில் இறங்கிவிடலாம், தாழ்ந்த 'ம'வான சுத்த மத்தியமம் இன்னும் அரைச் சுரம் தள்ளி எட்டாமல் நிற்கும். அதைத் தொட வேண்டுமானால் உதட்டையும் மாற்றி ஸ்லைடையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த ஒட்டு கேட்கிறவர் காதுக்குத் தெரியக் கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் இப்படி உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை, நானாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தபோது வயசு முப்பதைத் தாண்டியிருந்தது.

ஒருத்தர் மட்டும் சொன்னார். ராணுவத்தில் பேண்டு மாஸ்டராக இருந்துவிட்டு வந்தவர், மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் 1950லிருந்து இருக்கிற ராணுவ இசைப் பயிற்சி மையத்தில் படித்தவர். கொஞ்ச நாள் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். முதல் நாள் காலையில் நான் ஊதுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் என் இரண்டு கன்னத்தையும் இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்தார். சத்தம் நின்றுவிட்டது. "பலூனா ஊதுற?" என்றார். அதுவரைக்கும் 12 வருஷம் கன்னத்தை உப்ப வைத்துத்தான் வாசித்திருக்கிறேன், எங்கள் செட்டில் எல்லோரும் அப்படித்தான், உப்பினால்தான் பலமாக ஊதுகிறான் என்று கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு திருப்தி. அந்தப் பழக்கத்தை விட எனக்கு 8 மாசம் ஆனது. ஆறாவது மாசம் வாசிப்பே போய்விட்டது என்று வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அது வேறு கதை. அவர் தினமும் காலையில் ஒரு பயிற்சி கொடுப்பார். பி ஃபிளாட்டைப் பிடி, ஒரு இடம் இறங்கு, திரும்பி வா, இரண்டு இடம் இறங்கு, திரும்பி வா, இப்படியே ஏழாவது இடம் வரைக்கும், மெதுவாக, மூச்சை விட்டுவிடாமல், பாடுகிற மாதிரி. நம் பாட்டு வகுப்பில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வரை பல் தேய்த்ததும் அதைத்தான் வாசிக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று என் மகனிடம் சொன்னேன், அவன் போனில் தேடிக் கொடுத்தான். எமரி ரெமிங்டன் என்று ஒருத்தர், 1892ல் பிறந்தவர். கோடக் கேமரா கம்பெனியின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கொடுத்த பணத்தில் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் இசைப் பள்ளி 1921ல் தொடங்கியிருக்கிறது, அடுத்த வருஷமே இவர் அங்கே டிராம்போன் வாத்தியாராகச் சேர்ந்திருக்கிறார். 1971ல் இறக்கும் வரை அதே பள்ளி, அதே வாத்தியம். 49 வருஷம்! மாணவர்கள் அவரை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுவார்களாம், நம் ஊராக இருந்தால் 'தலைவரே' என்றிருப்போம். அவரிடம் படித்தவர்கள் பெரிய பெரிய இசைக்குழுக்களுக்கும் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் போய், அங்கே தங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பெயரிலேயே ஒரு காலைப் பயிற்சி இருக்கிறது என்று மகன் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் பி ஃபிளாட்டைப் பிடித்தான், ஒரு இடம் இறங்கினான், திரும்பி வந்தான், இரண்டு இடம் இறங்கினான், திரும்பி வந்தான்.

ஐயா, எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் வீட்டு மொட்டை மாடியில் இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை வகுத்த ஒரு வாத்தியார் இருந்தார் என்பதே தெரியாது. அவரிடமிருந்து யார் யார் கை மாறி பச்மரிக்கு வந்ததோ, அங்கிருந்து கீழவாசல் வரைக்கும் வந்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் ஓர் ஆளுக்கு மாசச் சம்பளம் கொடுத்து, நீ இதை மட்டும் சொல்லிக்கொடு என்று உட்கார வைத்ததால் வந்தது இது.

அங்கே பல்கலைக்கழகத்தில் டிராம்போன் வாத்தியார் வேலை என்னவென்றும் விசாரித்தேன். ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் ஒரு தடவையாவது தனியாக, நேருக்கு நேர் உட்கார்ந்து பாடம். கும்பலாக வைத்துச் சொல்லிக் கொடுக்கிற கதை கிடையாது. அப்புறம் டிராம்போன்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கிற ஒரு குழு, அதை நடத்த வேண்டும். பருவத்துக்கு ஒரு தடவை மாணவர்கள் பரீட்சையாக வாசிப்பார்கள், வாத்தியார்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டு மார்க் போடுவார்கள். வாத்தியாரும் மேடை ஏறி வாசித்துக் காட்ட வேண்டும், வருஷக்கணக்கில் வாசிக்காமல் வாயால் மட்டும் பாடம் நடத்துகிற வேலை அங்கே செல்லாது. சின்னப் பல்கலைக்கழகம் என்றால் டிராம்போன், யூபோனியம், டியூபா மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டு, பேண்டையும் அவரே நடத்துவார்.

அங்கே எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் இடம் காலியானால் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வரிசை கட்டி நிற்கிறார்களாம், நிரந்தர வேலை கிடைக்காமல் வாரத்துக்கு மூன்று கல்லூரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய் மணிக்கணக்குச் சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டாம். சரி, எங்கே இல்லை இது? ஆனால் வரிசை கட்டி நிற்பதற்கு அங்கே ஒரு இடமாவது இருக்கிறது.

பேண்டு நடத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் போய் "டிராம்போன் வாத்தியாராகவும் கண்டக்டராகவும் ஆகப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் வந்து, "என்னண்ணே, எந்த டிப்போவில சேர்த்துவிடப் போறீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது, பேண்டு நடத்துகிறவர் குச்சியை ஆட்டுகிறார் என்பதற்கு மேல் இங்கே யாருக்குத் தெரியும்? அவர் முன்னால் இருக்கிற தாளில் இருபது, முப்பது வரி ஒரே நேரத்தில் ஓடும். கிளாரினெட் தாளில் ஸி என்று எழுதியிருப்பதை வாசித்தால் காதில் விழுவது ஆறரைக் கட்டை, ஆல்டோ சாக்ஸில் அதே ஸியை வாசித்தால் இரண்டரைக் கட்டை, எங்கள் டிராம்போன் தாளில் எழுதியிருப்பதுதான் கேட்பதும். இத்தனையையும் மனசுக்குள்ளே ஒரே சுருதிக்கு மாற்றிக்கொண்டே எவன் தப்பாக வாசிக்கிறான் என்று பிடிக்க வேண்டும். ரெமிங்டன் இருந்த அதே பள்ளியில் ஃபிரெடரிக் ஃபென்னல் என்ற நடத்துனர் 1952ல் ஒரு பேண்டைத் தொடங்கியிருக்கிறார், அதில் பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒரே ஆள்தான். எங்கள் பேண்டில் கிளாரினெட் எட்டு பேர் ஒரே மெட்டைப் பிடிப்பார்கள், ஒருத்தன் விட்டுவிட்டால் மற்ற ஏழு பேரில் அது மறைந்து போகும். அங்கே மறைய இடமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரெவெல்லி என்பவர் 1935லிருந்து 1971 வரை பேண்டுகளை நடத்தியிருக்கிறார், 36 வருஷம். ஒரு மனுஷன் தன் ஆயுசில் பாதியைக் கொடுக்கிற வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதே வீண். எங்களைச் 'சாவுக்கு வாசிக்கிறவன்' என்பார்கள். கல்யாணத்துக்கும் வாசிக்கிறோம், மாதா கோயில் சப்பரத்துக்கும் வாசிக்கிறோம், ஆனாலும் வாயில் முதலில் வருவது அதுதான். பந்தியில் எங்களைக் கடைசியில்தான் உட்கார வைப்பார்கள், பாயசம் தீர்ந்திருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்று ஓர் ஊர், அங்கே மொரேவியன் என்கிற கிறிஸ்தவ சபையார் 1754லிருந்து டிராம்போன் குழு வைத்திருக்கிறார்கள். சபையில் யாராவது இறந்தால் கோபுரத்தில் ஏறி நின்று டிராம்போனில் கீர்த்தனை வாசித்துத்தான் ஊருக்குத் தெரிவிப்பார்களாம், மெட்டைக் கேட்டதுமே இறந்தது குழந்தையா, கல்யாணமானவரா, ஆகாதவரா என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இசை மேதை பீத்தோவன் 1812ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் கல்லறைத் திருநாளுக்கென்று நாலு டிராம்போனுக்கு எழுதிக் கொடுத்த இசையை, 1827ல் அவர் இறந்தபோது அவர் இறுதிச் சடங்கிலேயே வாசித்திருக்கிறார்கள். நானும் அதே வாத்தியத்தைத்தான் வைகைக் கரை மயானம் வரைக்கும் வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் செய்தால் அது இசை வரலாறு. நான் செய்தால் கடைசிப் பந்தி.

அயல்நாட்டு வாத்தியத்துக்கு அரசாங்கப் பணத்தில் வாத்தியார் எதற்கு என்று யாராவது பதில் கடிதம் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். வயலின் எந்த ஊரில் பிறந்தது? பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு வந்த பிறகுதானே அது நம் கச்சேரியில் உட்கார்ந்தது? அவர் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்யங்கள் எழுதியிருக்கிறார், இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டே அதில் இருக்கிறது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும் சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம்முடையதாக்கிக் காட்டிவிட்டார்கள். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கொடுப்பதைக் குறைத்து எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்த ஊரில் அப்படிக் கேட்க எனக்கு நாக்கு வராது. அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று இருக்கிற வரிசையில் கடைசியாகவாவது ஒரு பெஞ்சு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பெரிய கல்லூரி கட்டச் சொல்லவில்லை. மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மாலை நேரத்தில் இரண்டு வருஷச் சான்றிதழ் வகுப்பு, ஒரு வாத்தியார், ஒரு பேண்டு நடத்துனர், இரண்டும் ஒரே ஆளாக இருந்தாலும் சரி. வாத்தியாருக்குப் பட்டம் கேட்காதீர்கள், டிராம்போனில் பட்டம் கொடுக்காத ஊரில் பட்டதாரிக்கு எங்கே போவீர்கள்? வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துச் சேருங்கள். ராணுவத்திலும் போலீசிலும் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஜில்லா முழுக்க இருக்கிறார்கள், தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள், பாதிப் பேர் இப்போது ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். படித்து முடித்த பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற இசைப் பரீட்சையைக் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், அதே பரீட்சை டிராம்போனுக்கும் எட்டாவது கிரேடு வரைக்கும் இருக்கிறது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடங்கள் சுதந்திர தினம் வந்தால் பேண்டுக்கு ஆள் தேடி அலைகின்றன. இன்னும் விவரம் வேண்டுமானால் உங்கள் நிருபரை அனுப்புங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அந்தப் பிள்ளை தினமும் சாயங்காலம் 6 மணிக்கு என் மொட்டை மாடிக்கு வருகிறாள். ஒன்பதாவது படிக்கும்போது தேர்த் திருவிழாவில் பார்த்துவிட்டு, கேட்டுக்கொண்டு வந்தவள். ஏழாவது இடத்துக்கு அவளுக்கு இன்னும் கை எட்டவில்லை, ஆறோடு நிறுத்தி, உதட்டால் சமாளிக்கப் பார்க்கிறாள், அது கூடாது என்று திட்டுகிறேன். ஸ்லைடுக்கு ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய்தான் போட்டுக்கொண்டிருந்தோம், குளிர் காலத்தில் உறைந்து போய் நடு ஊர்வலத்தில் மானத்தை வாங்கும். பாண்ட்ஸ் கோல்ட் கிரீமைக் கொஞ்சமாகத் தடவித் தண்ணீர் தெளித்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்பதை வெளிநாட்டுக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்கிறார்கள், நான் போன வருஷம்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அவள் தன் அம்மாவுடைய டப்பாவிலிருந்து எடுத்து வருகிறாள், அந்தச் சண்டை தனி. கன்னம் உப்புவதில்லை. முதல் நாளே இரண்டு விரலால் அமுக்கிவிட்டேன்.

என்னிடம் இரண்டு டிராம்போன் இருக்கிறது, இரண்டும் மீரட்டில் செய்தது. ஒன்று அவளிடம். இன்னொன்றில் வாய் அகன்ற மணிப் பகுதி நெளிந்து, கார் டிங்கரிங் பட்டறையில் ஒருத்தர் அழகாகத் தட்டிக் கொடுத்துவிட்டார், ஸ்லைடின் உள்குழாயில் இருக்கிற சின்ன நெளிவைத்தான் எடுக்க முடியவில்லை, தலைமுடி அளவு வளைந்தாலும் மூன்றாவது இடத்தில் சிக்கும். அதை மீரட்டுக்கு அனுப்பிச் சரி பண்ணுகிற செலவு என்னுடையது. வகுப்பு தொடங்குகிறோம் என்று யார் முன்வந்தாலும் வாத்தியத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன், உங்கள் அலுவலகத்தில் முகவரி கொடுத்து வைத்திருக்கிறேன். மவுத்பீஸ் மட்டும் தர மாட்டேன், அது அப்பா வாங்கிக் கொடுத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராம்போன்காரர்,
கீழவாசல், மதுரை.
(பெயர் போட வேண்டாம்.)